ஆங்கிலேயப் பிரபுவா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கிய நார்மண்டி தரையிறக்கம் பற்றிய கட்டுரையில், 'பைப் வாசிக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போன ஆங்கிலேயப் பிரபு லோவட்' என்று ஒரு வரி. காபியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தேன். ஆங்கிலேயப் பிரபுவேதான்.

சைமன் ஃப்ரேசர் என்ற லோவட் பிரபு ஸ்காட்லாந்துக்காரர், லோவட் ஃப்ரேசர் குலத்தின் தலைவர், நார்மண்டியில் இறங்கிய ஒரு கமாண்டோ படைப்பிரிவின் தளபதி. 1944 ஜூன் 6 அன்று அவர் பைப் (பை வைத்து ஊதும் ஸ்காட்லாந்து இசைக்கருவியான பேக்பைப்) வாசிக்கச் சொன்னபோது, போர்முனையில் பைப் கூடாதென்று உத்தரவு இருக்கிறதே என்று தயங்கினார் அவருடைய பைப் வாசிப்பாளர், 21 வயது பில் மிலின். அது ஆங்கிலேயப் போர் அலுவலகத்து உத்தரவு, நாம் இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள், நமக்குப் பொருந்தாது என்றார் லோவட். உங்கள் கட்டுரையாளரும் இதைத்தான் முக்கால் பக்கத்துக்கு ரசித்து எழுதியிருக்கிறார். எழுதிய கையோடு, அதைச் சொன்னவரையே ஆங்கிலேயராக்கிவிட்டார்!

இந்தத் தவறை நானும் செய்தவன்தான். ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரில் மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்தபோது, பக்கத்தில் பியூலி என்ற சிற்றூருக்குப் போனோம். லோவட்டின் அப்பா தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்காகத் திரட்டிய லோவட் ஸ்கவுட்ஸ் படைக்கு அங்கே சதுக்கத்தில் ஒரு நினைவுத்தூண் உண்டு. டீக்கடைப் பாட்டியிடம், "இங்கிலாந்தில் இப்படி ஊருக்கு ஊர் தூண் இருக்கிறதே" என்றேன். கையிலிருந்த கெண்டியை மெதுவாக மேசையில் வைத்தார். "நீங்கள் இன்னும் இங்கிலாந்துக்குப் போகவில்லை" என்றார். அப்புறம் எனக்குச் சர்க்கரை கேட்கத் தைரியம் வரவில்லை.

சரி, அது போகட்டும். உங்கள் கட்டுரையில் ஒரு பக்கத்தில் 15ஆவது லோவட் பிரபு, அடுத்த பக்கத்தில் 17ஆவது. அச்சுப்பிழை என்றுதானே வாசகர் நினைப்பார்? இரண்டுக்கும் காரணம் உண்டு. 1747இல் அப்போதைய லோவட் பிரபுவை ராஜத்துரோகத்துக்காக லண்டனில் தலைவெட்டி, பிரபுப் பட்டத்தையும் பறித்தார்கள். பட்டம் இல்லாத தலைமுறைகளைக் கணக்கில் சேர்த்தால் 17, விட்டால் 15. குலத்தலைமை அரசர் கொடுத்ததல்ல, அதனால் அதைப் பறிக்கவும் முடியவில்லை. இதை விளக்க இரண்டு வரி போதும். உங்கள் தாராள மனதுக்கு அது பெரிதா என்ன?

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கில்ட்டை நீங்கள் 'பாவாடை' என்று எழுதியபோதே ஒரு கடிதம் போட்டேன். 'கட்டுரை அருமை' என்ற என் முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். நன்றி. மிலின் அன்று கட்டியிருந்தது முதல் உலகப் போரில் அவருடைய அப்பா கட்டிய கில்ட்.

கட்டுரையின் கடைசி வரிதான் தாங்கவில்லை: 'பிரபு சுகமாக வாழ்ந்து மறைந்தார்.' தரையிறங்கிய ஆறாம் நாளே நார்மண்டியின் பிரெவில்லில் குண்டுச்சிதறல் பட்டுப் படுகாயத்தோடு திரும்பியவர் அவர். 1994 மார்ச்சில் ஒரே மாதத்தில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தார். ஒருவரைத் தான்சானியாவில் காட்டெருமை முட்டிக் கொன்றது, மூத்தவருக்கு வேட்டையின்போது மாரடைப்பு. பரம்பரைக் கோட்டையும் கைமாறிப் போனது. மறு வருடம் இவரும் போய்ச் சேர்ந்தார். இறுதிச்சடங்கில் பைப் வாசித்தது அதே மிலின். சுகமாம்!

அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், 'ஆங்கிலேய' என்பதை 'ஸ்காட்லாந்து' என்று திருத்தி வாசிக்கவும் என்று ஒரு வரி போட்டால் போதும். சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்