கூரை வேண்டாம், சுவரைக் காப்போம்

பிரான்சிலுள்ள லா மோத் ஷாந்தெனியே கோட்டையின் பங்குதாரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2017 கடைசியில் இணையத்தில் பணம் திரட்டி நாம் சேர்ந்து வாங்கிய, கூரை இல்லாத பாழடைந்த கோட்டை இது. கேட்டது 5 லட்சம் யூரோ, வந்து குவிந்தது 16 லட்சம். 115 நாடுகளிலிருந்து 27,910 பேர்! 50 யூரோ போட்டவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கூரை போட்டு, கூடங்களைப் பழையபடி கட்டிவிடலாம் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. முதன்முதலில் படத்தைப் பார்த்தபோது எனக்கும் அதுதான் தோன்றியது. நேரில் போய்வந்த பிறகு மனம் மாறிவிட்டது.

அகழித் தண்ணீரில் கோட்டை தலைகீழாகத் தெரிகிறது. சன்னல் சட்டங்களுக்குள் கண்ணாடி இல்லை, இலைகள்தான். கூடம் இருந்த இடத்தில் மரங்கள் வளர்ந்து, சுவரையும் தாண்டி வெளிச்சத்துக்கு எட்டி நிற்கின்றன. சுவர் ஓரமாக நடந்தேன், சட்டைக் கையில் வெள்ளையாகச் சுண்ணாம்புத்தூள் ஒட்டிக்கொண்டது.

எந்தக் 'பழையபடி'க்குத் திரும்பப் போகிறோம்? இடம் 13ஆம் நூற்றாண்டிலிருந்து வருவது, சரி. ஆனால் இன்று நாம் பார்க்கும் உருவம் 19ஆம் நூற்றாண்டில், இடைக்காலக் கோட்டை போல இருக்கட்டும் என்று கட்டியது. 1932இல் தீப்பிடித்தது. புதிதாகப் பொருத்திய வெப்பமூட்டும் அமைப்பிலிருந்து கிளம்பிய தீ என்பார்கள். நூலகமும் சுவரில் தொங்கிய சித்திர நெசவுத் திரைகளும் சாம்பலாயின. அந்தக் கூரை நின்றது ஏறக்குறைய அறுபது ஆண்டுதான். கூரையில்லாமல் இது நிற்பது அதைவிட நெடுங்காலம். இந்த மரங்களும் இப்போது இதன் வரலாற்றில் சேர்ந்தவையே.

அதற்காக அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. சுவரின் உச்சியில் மழைநீர் இறங்கினால் காரை கரையும், குளிரில் அந்த நீர் உறைந்து கல்லைப் பிளக்கும். கல் இடுக்கில் வேர்விட்ட செடிகளை எடுத்துத்தான் ஆகவேண்டும். நடுவில், தரையில் வேரூன்றிய மரங்கள் நிற்கட்டும்.

ஆகவே அடுத்த முறை செலவைப் பற்றிக் கருத்துக் கேட்கும்போது, முதல் பணம் சுவர்களின் உச்சியை மூடுவதற்கும் கோபுரங்களுக்கு முட்டுக் கொடுப்பதற்கும் போகட்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள். சுண்ணாம்புக் காரைதான் வேண்டும், சிமென்ட் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த மென்கல்லுக்கு சிமென்ட் ஆகாது.

அன்புடன்,
உங்களில் ஒரு பங்குதாரர்