சூடேறினால் கிளம்ப மறுக்கும் காடி: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
காடி உரிமையாளர், சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கோலாலம்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: “கோளாறு இல்லை” என்று ஈப்போ கிளை திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும் காடி

உங்கள் நிறுவனத்தில் புதிதாக வாங்கிய காடி இது. கடன் தவணையும் முடியவில்லை, உத்தரவாதமும் முடியவில்லை.

காலையில் இதைப்போல் சமத்து கிடையாது. தோட்டத்துச் செம்மண் பாதையில் செம்பனைப் பழ லோரிக்குப் பின்னால் தூசியைத் தின்றுகொண்டே ஒழுங்காக வரும். மழை நாளிலும் தொல்லை இல்லை. வெயில் ஏறியபின் பட்டணத்தில் கடை முன்னால் நிறுத்திவிட்டுச் சாமான் வாங்கி வந்து சாவியைத் திருப்பினால்தான் அதன் குணம் தெரியும். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், விளக்கெல்லாம் எரியும், இஞ்சின் மட்டும் பிடிக்காது. பானெட்டைத் திறந்து வைத்து அரைமணி நேரம் காத்திருந்தால் ஒரே திருப்பில் கிளம்பிவிடும். என் அம்மா இதற்கு ‘ராங்கிக்காரி’ என்று பெயரே வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் டயருக்கடியில் எலுமிச்சை நசுங்குகிறது. அந்தச் செலவை உங்களிடம் கேட்கப்போவதில்லை.

போன மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு ஈப்போவுக்குக் கூட்டிப்போகும் வழியில், செம்மோரில் பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் போட நிறுத்தினேன். போட்டு முடித்ததும் காடி மறுத்துவிட்டது. பின்னால் வரிசை, ஹாரன். அம்மா டேஷ்போர்டைத் தட்டி, “ஏண்டி, இன்னிக்குமா?” என்றார். அங்கிருந்த பிள்ளைகள் சிலர் தள்ளி ஓரம் கட்டினார்கள். இழுவை லோரி வந்து சேர்வதற்குள் சூடு ஆறிவிட்டது. லோரிக்காரர் சாவியைத் திருப்பினார், உடனே பிடித்துக்கொண்டது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். அம்மாவுக்கு டாக்டரைப் பார்க்கும் நேரம் தவறியது.

உங்கள் கிளையில் எப்போதும் முதல் நாளே காடியை விடச் சொல்கிறார்கள். ராத்திரி முழுக்கக் கூரையடியில் குளிர்ந்து நின்றதை மறுநாள் காலை கம்ப்யூட்டரில் மாட்டுகிறார்கள். சொந்தக்காரர் வந்தால் கைகட்டி நிற்கும் பிள்ளை மாதிரி அதுவும் அங்கே அடங்கி ஒடுங்கி இருக்கிறது. “அண்ணே, ஒண்ணும் இல்லண்ணே, நல்லாத்தான் ஓடுது,” என்கிறார் ஆலோசகர். வேலைத்தாளிலும் அதே வாசகம். ஒருமுறை என் காசில் பேட்டரி மாற்றினார்கள். ஸ்டார்ட்டர் தடையில்லாமல் சுற்றும் காடிக்குப் பேட்டரி எதற்கு?

எங்கள் பட்டணத்தில் காடி பழுதுபார்க்கும் போமன் இதைத் தொடவில்லை, உத்தரவாதம் போய்விடும் என்று அவருக்குப் பயம். வாயால் மட்டும் சொன்னார்: இஞ்சினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்று, உள்ளே சூடு இன்னும் கொஞ்சம் ஏறும், கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார் பழுதாக இருந்தால் அந்தச் சூட்டில் சிக்னல் அறுந்து, ஆறியதும் திரும்ப வரும், சிக்னல் இல்லையென்றால் காடிக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இஞ்சின் சுற்றுவதே தெரியாது, தீப்பொறியும் எண்ணெயும் வராது. கிளம்ப மறுக்கும் அந்த நேரத்தில் ஸ்கேனரை மாட்டி, ஸ்டார்ட் அடிக்கும்போது ஆர்பிஎம் (இஞ்சின் சுற்றும் வேகம்) சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதுமாம். அது சென்சார்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. இந்தச் சோதனையை உங்கள் ஆட்கள் ஏன் இன்றுவரை செய்யவில்லை என்றுதான் கேட்கிறேன்.

எனவே, உங்கள் தொழில்நுட்பர் ஒருவர் ஸ்கேனரோடு பகல் வேளையில் இங்கே வந்து, என்னோடு பட்டணத்தைச் சுற்றட்டும். பழுதான பாகத்தை உத்தரவாதத்தின்கீழ் மாற்றித் தர வேண்டும். இழுவைக் கூலியும் பேட்டரிக் காசும் திரும்ப வேண்டும், ரசீதுகளை இணைத்துள்ளேன். ராங்கிக்காரி மறுத்த தேதிகளையெல்லாம் உங்கள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், நாளைக்கு உத்தரவாதம் முடிந்ததும் “முன்பு புகாரே இல்லையே” என்ற பேச்சு வரக்கூடாது.

பதினான்கு நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன். அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீலும் வேண்டியதில்லை.

இதன் மலாய்ப் படியும் உடன் உள்ளது. தொழில்நுட்பரை மழை நாளில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
காடியின் உரிமையாளர்