அலுமாரிக்குள் போன வெடிமருந்துப் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் திருகோணமலையில் ஒரு பாடசாலைக் கண்காட்சியில், என் பேத்தி செய்த மாதிரி ரயில் பெட்டி ஒன்றை மேசையிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதன் பக்கத்தில் ‘வெடிமருந்து’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததுதான் காரணம். எடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல் கண்ணில் பட்டால் யாருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். ஆனால் அது என்ன பெட்டி என்று ஒருவரும் பிள்ளையிடம் கேட்கவில்லை.

அவள் தரம் 8. லண்டனில் இருக்கும் அவளுடைய பெரியப்பா அனுப்பிய பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்தாள். பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே ஓட்டிய வெடிமருந்துப் பெட்டி அது. தந்தியில் அந்தக் கம்பனி அதற்கு வைத்திருந்த பெயர் ‘கோன்’. ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற கணக்கில், 16 அடிப் பெட்டி அவள் கையில் 64 மில்லிமீற்றர். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

நான் ரயில்வேயில் கார்டாக இருந்தவன். கல்லோயாச் சந்தியில் இரவு ஷண்டிங், அதாவது பெட்டிகளைப் பிரித்துக் கோர்க்கும் வேலை, நடக்கும்போது ஒரு பெட்டி மற்றதில் இடிக்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பெட்டியைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது. வெளியே முழுக்க இரும்பு, நிலக்கரி இஞ்சினிலிருந்து பறக்கும் நெருப்புப் பொறி உள்ளே போகாமல் இருக்க. உள்ளே முழுக்கப் பலகை, இரும்போடு இரும்பு உரசிப் பொறி தட்டாமல் இருக்க. சாதாரணச் சரக்குப் பெட்டிக்கு உள்ள காற்றுத் துவாரம் இதற்குக் கிடையாது. ஆணி அடித்த பூட்ஸோடு ஏறவும் முடியாது, அதற்கென்று மேற்செருப்பு போட வேண்டும். ரயிலில் கோர்க்கும்போதும் இஞ்சினுக்கு அடுத்ததாகக் கோர்க்க மாட்டார்கள், நடுவில் வேறு பெட்டிகள் இருக்கும். கல்குவாரிக்கும் சுரங்கத்துக்கும் போன வெடிமருந்தும் இப்படித்தான் போனது.

கடையில் வந்த பாகங்களில் உட்புறப் பலகை இல்லை. அவள் ஐஸ்கிரீம் குச்சிகளைச் சீவி உள்ளே வரிசையாக ஒட்டி, பார்க்கிறவர்களுக்குத் தெரிய ஒரு கதவைத் திறந்தபடி விட்டிருந்தாள். அந்தக் குச்சிகளுக்கு மட்டும் 2 இரவு போனது. அலுமாரி பூட்டியதைப் பார்த்துவிட்டு, “அப்பப்பா, நான் என்ன பிழை விட்டேன்?” என்று கேட்டாள்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டதை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். 1957 வரை பிரிட்டிஷ் கடற்படை இங்கே இருந்ததையும் படிக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததை வீட்டுக்கு வீடு சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். வெடிப்பதைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிள்ளைகளுக்கு, வெடிக்காமல் கொண்டு போக ஆட்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதும் தெரியட்டுமே.

அடுத்த வருடக் கண்காட்சியில் அந்தப் பெட்டிக்கு ஓர் இடம் கொடுக்கும்படி பாடசாலை நிர்வாகத்தை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். விளக்கம் தமிழில் ஒரு மட்டையில் எழுதி வைத்திருக்கிறோம். வேண்டுமானால் நானும் மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற ரயில்வே கார்ட்,
உப்புவெளி, திருகோணமலை.