உப்புத்தீவுப் பிள்ளைகள்

அன்புள்ள ராசாவுக்கு,

நீ அனுப்பிய கதைக்கட்டு வந்து சேர்ந்தது. தங்கச்சி அதைக் கடையில் கொடுத்துப் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தந்தாள். "நான் பண்ற விளையாட்டுக்கு வேணும்மா, அதுல வர்ற உப்புத்தீவில் பிள்ளைகளுக்கு என்னென்ன பழக்கவழக்கம் இருக்கலாம், கேட்டாலே மனசு குளிர்ற மாதிரி சொல்லு" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "மீட்டிங்கில் இருக்கேன்மா" என்கிறாய். அதனால் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்குக் கதைக்கட்டு அனுப்புகிற அளவுக்கு முழித்திருக்காதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறது. எதிர்வீட்டு டீச்சருக்கும் படிக்கக் கொடுத்தேன். அந்தத் தீவு ஜனங்கள் ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்ற இடத்தில், "இது நீங்கள் வகுப்பில் வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று நடத்தியதுதானே" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லாத ஒரு ஊரை உட்கார்ந்த இடத்தில் உண்டாக்குவது எல்லோருக்கும் வராது. உன் அப்பா இருந்திருந்தால் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டியிருப்பார்.

ஆனால் அந்த விளக்குத் திருவிழா எனக்குச் சரியாகப் படவில்லை. நடுக் கோடையில் பிள்ளைகள் எல்லோரும் கடற்கரையில் விளக்கேற்றிப் பாடுகிறார்கள், பெரியவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். படம் அழகாக வரும். ஆனால் உப்பெடுக்கிற ஜனங்களுக்குக் கோடையில் ஏது ராசா ஓய்வு? தூத்துக்குடியில் உன் ஆச்சி வீட்டுக்குப் பின்னால் உப்பளம்தானே. தை, மாசியில் பாத்தி மிதித்துத் தண்ணீர் கட்ட ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும் வேலை ஓயாது. வெயில் ஏற ஏறத்தான் உப்பு விளையும். விடியுமுன் போனால்தான் கண் கூசாமல் வார முடியும். ஐப்பசியில் மழை விழுந்தால் பாத்தியெல்லாம் ஒரே தண்ணீர், எல்லோரும் வீட்டில். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அப்போது கூலி இல்லை, கையில் காசு இருக்காது. ஆனால் பிள்ளைகளுக்கு அவர்கள் பகலில் கண்ணெதிரே இருப்பார்கள். உன் தீவில் பிள்ளைகளின் திருவிழா முதல் மழை அன்றுதான் வர வேண்டும். பெரியவர்கள் மழையைப் பார்த்துக் கவலைப்படுகிற அதே நாளில் பிள்ளைகள் குதிக்க வேண்டும். உப்பு மூட்டை கட்டின பழைய சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய், "உங்கள் வீட்டில் ஆள் வந்தாச்சா?" என்று கேட்க வேண்டும். "வந்தாச்சு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தால் ஒரு பிடி பொரி. அவ்வளவு போதும், விளக்கெல்லாம் வேண்டாம்.

எந்தப் பழக்கமும் வேலையில் மிஞ்சின பொருளிலிருந்துதான் வருகிறது, கவனித்துப் பார். மார்கழியில் நான் வாசலில் கோலம் போட்டுச் சாண உருண்டையில் பூசணிப்பூ வைப்பேன். அந்த உருண்டைகளை வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்த்து வைப்போம். தை பிறந்து சிறுவீட்டுப் பொங்கல் அன்று முற்றத்தில் மண்ணால் சின்ன வீடு கட்டி, அதற்கு வாசல், அடுப்படி எல்லாம் வைத்து, நாங்களே பொங்கி, அந்தப் பூ வறட்டிகளில் சூடம் ஏற்றித் தாமிரபரணியில் விடுவோம். சாணமும் பூவும் மண்ணும்தான், கடையில் வாங்கின பொருளே கிடையாது. ஒன்று கவனி, மாதம் முழுக்கச் சேர்த்ததை ஆற்றில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு ஒவ்வொரு வருஷமும் அழுகை வரும். உன் தீவில் எந்தப் பிள்ளையும் அழவே இல்லை. பிள்ளைகள் திருவிழா என்றால் கடைசியில் ஒரு அழுகை இருக்க வேண்டும்.

சேலத்தில் ஆடி 1 அன்று தேங்காய் சுட்டோமே, அதைக்கூட நீ எடுத்துக்கொள்ளலாம். கண்ணைத் துளைத்துப் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள் போட்டு, அழிஞ்சிக் குச்சியைச் செருகி நெருப்பில் காட்டுவது. பாரதப் போர் தொடங்கின நாள் என்று அங்கே பெரியவர்கள் சொல்வார்கள். போருக்கு நினைவாகப் பிள்ளைகள் கையில் ஒரு குச்சியும் இனிப்பும். உன் தீவிலும் ஏதாவது ஒரு பழைய சண்டை பிள்ளைகள் விளையாட்டாக மிஞ்சியிருக்கலாம்.

ஆனால் உனக்கு மறக்கவே முடியாதது விழுப்புரத்து மாவலி. ஆண்பனைப் பூவை எங்கே போய்க் கேட்டு வாங்குவாரோ, கார்த்திகைக்கு ஒரு வாரம் முன்னாலேயே உன் அப்பா கொண்டுவந்து காயப்போட்டுவிடுவார். குழி தோண்டிக் கரியாக்கி, அதை இடித்து, பழைய வேட்டித் துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி, கயிறு கட்டி, கங்கு வைத்துக் கையில் கொடுப்பார். நீ தலைக்கு மேலே சுற்றுவாய், பொறி பூவாகக் கொட்டும். "மாவலியோ மாவலி" என்று தெருப்பிள்ளைகள் கத்துவார்கள். உன் முடி ஒரு பக்கம் கருகிப்போய் நான் சத்தம் போட்டேன், அப்பா சிரித்தார். பிள்ளைகள் கையில் கொஞ்சம் ஆபத்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் நிற்க வேண்டும், அதுதான் அதில் விசேஷம். செங்கல்பட்டுக்கு மாற்றல் ஆகி அவர் மட்டும் தனியாக அங்கே இருந்த வருஷமும் கார்த்திகைக்கு வந்தார். சாயங்கால பஸ் கிடைக்காமல் ராத்திரி பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். தெருவில் எல்லோரும் சுற்றி முடித்திருந்தார்கள். நீ மட்டும் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாய். அந்த நேரத்துக்குச் சுற்றினீர்கள். உனக்கு நினைவிருக்கும், நான் சொல்லத் தேவையில்லை.

சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

அடுத்தது பயம். மனசு குளிர வேண்டும் என்று கேட்டாய், ஆனால் பிள்ளைக்குச் செய்கிற முக்கால்வாசிச் சடங்கு பெரியவர்களின் பயத்தில் பிறந்தது. ஐம்படைத்தாலி என்று திருமாலின் ஐந்து ஆயுதங்களைச் செய்து பிள்ளை கழுத்தில் கட்டினார்கள். பத்துப் பருவம் பாடுகிற பிள்ளைத்தமிழ் தொடங்குவதே காப்பில்தான், எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் செங்கீரை, தால், சப்பாணி எல்லாம். புறநானூறு 77 நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். நெடுஞ்செழியன் சின்ன வயதில் போருக்கு நிற்கிறான். இடைக்குன்றூர் கிழார் பார்த்துவிட்டு, "தாலி களைந்தன்றும் இலனே" என்கிறார். கழுத்தில் கட்டினதை இன்னும் கழற்றவில்லை, பாலை விட்டுவிட்டு இன்றைக்குத்தான் சோறு தின்றான் என்கிறார். ஒரு போர்க்களப் பாட்டில் அந்தப் பிள்ளையை யாரோ காபந்து பண்ணி வளர்த்தது தெரிகிறது பார். உன் தீவுப் பிள்ளைகள் கழுத்திலும் எதையாவது கட்டு. எதுக்கு எதிராகக் கட்டுகிறார்கள் என்று யோசி. கடலுக்கு எதிராகவா, காய்ச்சலுக்கு எதிராகவா, இல்லை வீட்டை விட்டுப் போனவர்கள் திரும்பாமல் போய்விடுவார்களோ என்பதற்கு எதிராகவா?

இங்கேதான் எனக்கு ஒன்று கேட்க வேண்டும். கட்டு முழுவதையும் ரெண்டு தடவை படித்தேன். பல் முளைத்தால் பாட்டி வருகிறாள். நீச்சல் பழக அக்காக்காரி வருகிறாள். பெயர் வைக்க ஊர்க்கிழவி வருகிறாள். அப்பாக்கள் எல்லோரும் எப்போதும் கப்பலில் இருக்கிறார்கள். ஒருத்தர்கூடக் கரைக்கு வரவில்லை. கதைக்கு அது வசதி என்று நீ சொல்லலாம். நான் கதை எழுதுகிறவள் இல்லை, ஆனால் பிள்ளைகள் படிக்கிற வகுப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவள். அப்பா எங்கே என்று கேட்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. கேட்பதை நிறுத்தின பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. மாமாவும் கேட்க வேண்டாம் என்றுதான் சொன்னார். உன்னிடம் கோபம் இருக்கும், அசதி இருக்கும், அந்த வீட்டு வாசலில் போய் நிற்பது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சும்மா இருக்கிறேன்.

உன் தீவுக்கு ஒரு வழக்கம் சொல்கிறேன், பிடித்தால் வைத்துக்கொள். முதல் பல் விழுந்தால் அதைச் சாணத்தில் வைத்துக் கூரை மேல் எறிவது நம் வழக்கம். உப்புத்தீவில் எறியக் கூடாது. கப்பலுக்குப் போன அப்பா வருகிற வரைக்கும் ஒரு சிப்பிக்குள் உப்பில் புதைத்து வைக்க வேண்டும். உப்பில் வைத்தது கெடாது என்று அந்த ஜனங்களுக்குத் தெரியும். அப்பா எவ்வளவு நாள் கழித்து வந்தாலும் சரி, புதுப் பல்லே முளைத்துவிட்டாலும் சரி, வந்த அன்றைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து கூரை மேல் எறிய வேண்டும். தாமதத்துக்குத் தண்டனை கிடையாது, யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. வர வேண்டும், அவ்வளவுதான். தாமதமாக வருகிறவனுக்கும் இடம் வைத்திருக்கிற வழக்கம்தான் நல்ல வழக்கம்.

இது நானே நினைத்துச் சொன்னதில்லை ராசா. போன வாரம் பாப்பாவோடு பேசினேன். அவள் அம்மாதான் போன் போட்டுக் கொடுத்தாள், அதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கீழ்வரிசையில் முன்பல் விழுந்துவிட்டது. உனக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். "எறிஞ்சாச்சாடி?" என்று கேட்டேன். இல்லையாம், குங்குமச் சிமிழில் வைத்திருக்கிறாளாம். ஏன் என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றிவிட்டாள். பள்ளிக்கூடத்து நாய்க்குட்டி கதை சொன்னாள். பேசும்போது "ச" வரவில்லை, காற்றாக வருகிறது. உனக்கும் அப்படித்தான் வந்தது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பின்பக்கத்து முருங்கை காற்றில் விழுந்துவிட்டது. தங்கச்சிக்கு அடுத்த மாதம் பரீட்சை. எனக்கு முட்டி வலிதான், டாக்டர் மாடி ஏற வேண்டாம் என்கிறார். பெங்களூரிலிருந்து கோயம்புத்தூருக்கு ராத்திரி பஸ் நிறைய இருக்கிறதாம், மாமா பையன் சொன்னான். வெள்ளிக்கிழமை ஏறினால் விடியக்காலை இறங்கிவிடலாம். போகிற வழியில் எங்கேயாவது சூடாக ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் போகாதே.

முந்திரிக்கொத்து செய்து ரெண்டு டப்பா கொரியரில் போட்டிருக்கிறேன். பெரிய டப்பா உனக்கு. சின்னது பாப்பாவுக்கு, அவள் பல்லுக்கு வசதியாக மாவை மெலிசாகத் தோய்த்துச் சுட்டது. அவள் வீட்டுக்கு நேராக அனுப்பவில்லை, ரெண்டும் உன் முகவரிக்குத்தான் வரும். தேங்காய் சேர்த்திருக்கிறேன், பத்து நாளைக்கு மேல் வைத்தால் வாடை வந்துவிடும்.

இப்படிக்கு,
அம்மா