மூன்று பாட்டுக்கு மட்டும் முன்னால் நிற்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இசை நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்துப் போனால் பாடகரின் முகத்தைவிடக் கமராக்காரரின் முதுகைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். வாசித்துச் சிரித்தேன், அந்த முதுகுகளில் ஒன்று என்னுடையதாகவும் இருக்கலாம். நான் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் இல்லை. பகலில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை, பின்னேரம் எங்காவது பெடியள் கிற்றாரும் ட்ரம்ஸுமாக மேடையேறுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் பாவித்த கமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். அவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

மேடைக்கு மேலேயே ஏறி, பாடகியின் தோளை உரசுகிற தூரத்தில் நின்று வீடியோ எடுப்பவர்கள் ஏற்பாட்டாளர்கள் காசு கொடுத்துக் கூட்டி வந்தவர்கள். தலைக்கு மேலால் ஆடுகிற கிரேன் கமராவும் அவர்களுடையதுதான். கீழே சனத்துக்குள் நசிபட்டு நிற்கிற எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் இடம் ஒதுக்குவதில்லை, அதனால் கிடைத்த இடத்தில் நிற்கிறோம், கிடைத்த இடம் எப்போதும் யாரோ ஒருவருடைய கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும்.

இங்கே படம் எடுப்பது என்றால் கலியாண வீடும் சாமத்திய வீடும்தான் பலருக்கு நினைவு வரும். நானும் பழகியது அப்படித்தான், சொந்தக்கார அண்ணா ஒருவருக்கு லைற் பிடித்து. அங்கே எல்லோரும் எங்கள் சொல்லுக்கு ஆடுவார்கள். மாலை மாற்றியது படத்தில் சரியாக விழவில்லையா, "இன்னொருக்கா மாத்துங்கோ" என்றால் மாற்றுவார்கள், ஐயரும் பொறுத்துக்கொள்வார். றொக் மேடையில் யாரிடம் போய் இன்னொருக்கா என்று கேட்பது? கிற்றார்காரர் தலையை உதறி நிமிர்கிற நொடி போனால் போனதுதான். வெளிச்சமும் எங்கள் கையில் இல்லை. கோயில் திருவிழா இசைக்குழு என்றால் ரியூப் லைற் வெளிச்சம் விடிய விடிய ஒரே மாதிரி இருக்கும், ஒருதரம் கமராவைச் சரிசெய்தால் போதும். றொக் குழுக்களின் மேடையில் ஒரு வரி சிவப்பு, அடுத்த வரி நீலம், பிறகு இருட்டு.

அந்தச் சிவப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கமராவுக்குள் வெளிச்சத்தை வாங்குகிற தகடான சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சையையும் கால்வாசி நீலத்தையும் வாங்கும், சிவப்புக்கு இருப்பது மற்றக் கால்வாசி மட்டும். மேடை முழுக்கச் சிவப்பு எல்ஈடி அடித்தால் அந்தக் கால்வாசி நிரம்பி வழிய மற்றவை வெறுமையாகக் கிடக்கும், மூக்கு எது கன்னம் எது என்று தெரியாமல் முகமே ஒரு சிவப்புப் பூச்சாகிவிடும். கமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீற்றரும் லேசில் ஏமாறும். பின்னால் இருக்கிற கறுப்பைப் பார்த்து, வெளிச்சம் போதாது என்று முடிவு செய்து முகத்தை வெளுக்கப்பண்ணிவிடும். ஆகவே நாங்களாகவே எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து வைக்க வேண்டும். வெளிச்சத்துக்குக் கமரா காட்டுகிற உணர்திறனான ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400, ஷட்டர் திறந்திருக்கிற நேரம் 1/250 நொடி, லென்ஸ் திறக்கிற அளவுக்குத் திறப்பு. அந்தத் திறப்பை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. கமராவோடு வருகிற சூம் லென்ஸை நீட்டினால் பெரும்பாலும் எஃப் 5.6 தான். எஃப் 1.8 வரை திறக்கிற சாதாரண 50 மில்லிமீற்றர் லென்ஸ் அதைவிட ஏறக்குறையப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், விலை குறைந்த லென்ஸ்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதற்குச் சூம் கிடையாது. கிட்டப் போனால்தான் படம். நாங்கள் முன்னுக்கு வந்து நிற்பதற்குப் பெரிய காரணம் இந்தக் காசு விஷயம்தான், லட்சக்கணக்கில் விலை சொல்கிற பெரிய லென்ஸ் இருந்தால் நானும் மண்டபத்தின் கடைசிக் கதிரையில் ஏறி நின்றே எடுப்பேன்.

ஆனால் நட்ட நடுவில் நிற்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லவே இல்லை, இதை அந்த வாசகருக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாடகர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்தால் நேர் முன்னால் நிற்பவருக்குக் கிடைப்பது மைக்கும் முஷ்டியும் மட்டும்தான். பக்கவாட்டில் நின்றால்தான் முகம் தெரியும், ட்ரம்ஸ் அடிப்பவரும் சிம்பல் தட்டுகளுக்கு இடையால் படத்தில் வந்து விழுவார். வரி முடிந்து மைக் கீழே இறங்குகிற இடம் எது என்பது பாட்டை முன்கூட்டியே கேட்டு வைத்தவருக்குத் தெரியும். ஆக மேடையின் இரண்டு ஓரமும் எங்களுக்குப் போதும், நடுவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஷ் அடிக்கிறவர்கள் மீது அவருக்கு இருக்கிற கோபம் எனக்கும் உண்டு. புகை விட்ட மேடையில் பிளாஷ் அடித்தால் புகைதான் வெள்ளையாக விழும், லைற்காரர் மினக்கெட்டுப் போட்ட நிறமெல்லாம் செத்துப்போகும், பாடுகிறவருக்குக் கண் கூசும். பின்வரிசையில் இருந்து கைத்தொலைபேசியில் பிளாஷ் அடிப்பவர்களின் வெளிச்சமோ முன்னால் இருப்பவரின் தலையைத் தாண்டாது.

சரி, என்ன செய்யலாம்? வெளிநாடுகளில் றொக் நிகழ்ச்சிகளில் பல காலமாக இருக்கிற வழக்கம் ஒன்று உண்டு. மேடைக்கும் முதல் தடுப்புக்கும் இடையில் ஒன்றரை, இரண்டு மீற்றர் இடைவெளி விடுவார்கள். முன்கூட்டியே பெயர் கொடுத்த படப்பிடிப்பாளர்கள் முதல் மூன்று பாட்டுக்கு அதற்குள் நிற்கலாம், பிளாஷ் கூடாது, மூன்றாவது பாட்டு முடிந்ததும் வெளியேற வேண்டும். படம் எடுக்கிறவளாக எனக்கு அந்த விதி முழுக்கப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன், முதல் மூன்று பாட்டில் யாருக்கும் வேர்ப்பதே இல்லை, மேடை சூடேறுவது பிறகுதான். ஆனாலும் நிகழ்ச்சி முழுக்க எல்லோருடைய ஏச்சையும் வாங்கிக்கொண்டு நிற்பதைவிட, பத்துப் பதினைந்து நிமிடம் நிம்மதியாக எடுப்பது மேல்.

அந்த இடைவெளி எங்களுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளித் திடலில் நடந்த பெரிய இசை நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு முன்னே வந்ததும், நிகழ்ச்சி இடையில் நின்றதும் எல்லோரும் அறிந்ததே. தடுப்புக்கும் மேடைக்கும் நடுவே ஆள் நடமாட இடம் இருந்தால்தான், நெரிசலில் மயங்கி விழுகிற ஒருவரை முன்பக்கத்தால் தூக்கி எடுக்க முடியும். அதோடு, இரவு நேரத்தில் ஆண்கள் முண்டியடிக்கிற கூட்டத்துக்குள் ஒரு பெண் இரண்டு கையாலும் கமராவைப் பிடித்தபடி நிற்பது எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. "தங்கச்சி, ஆற்றையும் ஆளோ?" என்று வாசலில் கேட்கிற பாதுகாப்பு அண்ணாமாருக்கும் பெயர் கொடுத்தவர் என்று சொல்கிற ஒரு அட்டையைக் காட்டினால் கதை முடிந்துவிடும்.

மேடையின் ஓரத்தில் நிற்பதென்றால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்பதுதான், அந்த விஷயமும் சின்னதல்ல. 100 டெசிபல் சத்தத்தில் கால் மணித்தியாலத்துக்கு மேல் நிற்பது காதுக்குக் கேடு என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது, நான் காதில் அடைப்பான் போட்டுத்தான் நிற்கிறேன். ஸ்பீக்கருக்கு முன்னால் கைக்குழந்தையோடு இருக்கிறவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒரே ஒரு அளவுகோல், "கிளியரா இருக்கோ?" 1979 செப்டெம்பரில் நியூயோர்க் பலேடியம் அரங்கில் த கிளாஷ் என்ற றொக் குழுவின் போல் சிமனன் தன் பேஸ் கிற்றாரை மேடையில் ஓங்கி அடித்தபோது பென்னி ஸ்மித் என்ற பெண் எடுத்த படம் கிளியர் இல்லை. ஃபோகஸ் போய்விட்டது என்று சொல்லி அதை இசைத்தட்டு அட்டையில் போட அவரே முதலில் சம்மதிக்கவில்லை. றொக் படங்கள் என்றால் இன்றைக்கும் முதலில் காட்டுகிற படங்களில் அது ஒன்று. இதை எங்கள் இளம் பாண்ட்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கொஞ்சம் அசைந்த படத்தை அனுப்பினால் உடனே "வேற இல்லையோ அக்கா" என்று கேட்க வேண்டாம்.

இந்த றொக் எல்லாம் எங்களுக்கு எதற்கு என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் இலங்கையில் தமிழ்ப் பொப் பாட்டை நிலைநிறுத்திய நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்தான், அன்றைக்கும் இதே கேள்வியைக் கேட்ட பெரியவர்கள் இருந்திருப்பார்கள். அந்தக் கால மேடைப் படங்கள் இன்று எத்தனை வீட்டில் இருக்கின்றன? 1995 இடப்பெயர்வில் அல்பங்களை அலுமாரியோடு விட்டுவிட்டு நடந்த ஊர் இது. இப்போது மேடையேறுகிற பிள்ளைகளையாவது யாரோ எடுத்து வைக்கட்டுமே.

எடுத்ததை எடுத்தவர் பெயரோடு போடுங்கள் என்றும் கேட்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் படத்துக்கும் உரிமை உண்டு, எடுத்தவர் தன் பெயரைப் போடும்படி கேட்கவும் உரிமை உண்டு. "படம்: இணையம்" என்று சில பத்திரிகைகள் போடுகின்றன, இணையமா கமராவைத் தூக்கிக்கொண்டு வந்து சனத்துக்குள் நின்றது?

மாரி முடிந்து தை பிறந்தால் வெளியரங்க நிகழ்ச்சிகள் வரிசையாகத் தொடங்கிவிடும். ஏற்பாட்டாளர்கள் சுவரொட்டி அடிக்கும்போதே, படம் எடுக்க விரும்புவோர் பெயர் கொடுக்க ஒரு தொலைபேசி இலக்கத்தையும் அதில் சேர்க்க வேண்டும். மேடை போடுகிறவர்களிடம் அந்த இடைவெளியையும் அப்போதே சொல்லி வைக்க வேண்டும், தடுப்புக் கம்பிகளை நட்ட பிறகு கேட்டால் யாரும் பிடுங்கி நட மாட்டார்கள்.

இப்படிக்கு,
படம் எடுக்கப் பழகும் ஒரு வாசகி,
கோண்டாவில்.