130க்குள் இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வாசகர் ஒருவர், “பி-பிளேட் பிள்ளைகள் (புதிதாக லைசென்ஸ் வாங்கி, காரில் ‘பி’ பலகை மாட்டி ஓட்டுபவர்கள்) கையில் மின்சாரக் காரைக் கொடுக்கவே கூடாது, பழைய கொரோலா ஒன்றை வாங்கிக் கொடுங்கள்” என்று எழுதியிருந்தார். பாதி சரி என்று பட்டது, மீதிப் பாதிக்குச் சண்டை போடத் தோன்றியது. எனக்கும் இதில் பங்கு உண்டு. எங்கள் மகளுக்கு நான்கு மாதத்துக்கு முன்புதான் சிவப்பு பி கிடைத்தது, வீட்டு வாசலில் நிற்பதோ மின்சாரக் கார்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குக் கீழே இருந்தால், எல்-போர்டோடு 120 மணி நேரம் ஓட்டிக் கணக்கு எழுத வேண்டும், அதில் 20 மணி நேரம் இரவில். அப்புறம் தேர்வு, 17 வயதுக்கு மேல் சிவப்பு பி, குறைந்தது ஒரு வருஷம் கழித்துப் பச்சை பி. சிவப்பு பி-யில் 90க்கு மேல் போகக் கூடாது. இரண்டு பி-யிலும் சக்தி அதிகமான கார்களைத் தொடக் கூடாது, தொட்டால் ஏழு டிமெரிட் பாயின்ட், அதாவது தப்புக்குப் போடும் புள்ளி. சிவப்பு பி-க்கு நான்கு பாயின்ட்டிலேயே லைசென்ஸ் போய்விடும் என்பதால், ஒரே தடவையில் கதை முடிந்தது.

எது சக்தி அதிகமான கார்? 2005இல் இந்தத் தடை வந்தபோது எட்டு சிலிண்டர், டர்போ, சூப்பர்சார்ஜர் என்று எஞ்சினைப் பார்த்துச் சொன்னார்கள். சின்னச் சின்னக் கார்களிலெல்லாம் டர்போ வர ஆரம்பித்ததும் அது சரிப்படவில்லை. 2014 ஆகஸ்டில் கணக்கை மாற்றினார்கள். காரின் சக்தியைக் கிலோவாட்டில் எடுத்து, வெறும் காரின் எடையை டன்னில் எடுத்து வகுக்க வேண்டும், 130க்கு மேல் வந்தால் கூடாது. விக்டோரியாவிலும் குவீன்ஸ்லாந்திலும் இதே 130தான்.

பெட்ரோல் காருக்கு இது நல்ல கணக்கு. மின்சாரக் காரில்தான் உதைக்கிறது, ஏனென்றால் பேட்டரியே பல நூறு கிலோ. எடை கூடக் கூட வகுத்தால் வரும் எண் குறையும், அதாவது கார் கனமாக இருப்பதற்கே சட்டம் பாஸ் மார்க் போடுகிறது! டொயோட்டாவின் ஜிஆர் யாரிஸ் என்ற பெட்ரோல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்தது 200 கிலோவாட், எடை 1.3 டன்னுக்குள், கணக்குப் போட்டால் 150ஐத் தாண்டும், ஆகவே பி-பிளேட்டுக்குத் தடை. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 5.2 விநாடியில் தொடுகிறது என்று கம்பெனியே சொல்கிறது. கியா இவி6 ஆல்-வீல் டிரைவ் மின்சாரக் கார், 2021இல் வந்தது, 239 கிலோவாட், சுமார் 2.1 டன். வகுத்தால் 114 பக்கத்தில் வரும், தாராளமாக ஓட்டலாம். அது 100ஐத் தொடும் நேரம்? அதே 5.2 விநாடி. ஒரே பாய்ச்சல், ஒன்றுக்குப் பூட்டு, இன்னொன்றுக்குச் சாவி. இதில் சாவி கிடைத்தது எடை கூடின காருக்கு, அதே வேகத்தில் போய் இடித்தால் அதிகம் சேதம் செய்வதும் அதுதான்.

(எம்ஜி4 எக்ஸ்பவர் போன்ற மின்சாரக் கார்கள் இந்தக் கணக்கிலும் மாட்டிக்கொள்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். 320 கிலோவாட் என்றால் எந்தப் பேட்டரி எடையும் காப்பாற்றாது.)

எங்கள் காரின் பெயர் வேண்டாம். 130க்கு நன்றாகவே கீழே இருக்கிறது, வாங்குமுன் அரசு வலைத்தளத்தில் தட்டிப் பார்த்து, சரி என்று நிம்மதியாக இருந்தவன்தான் நானும். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மகள் ஓட்டினாள். கோயிலை விட்டு வெளியே வந்து கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. ஒரு இடைவெளி கிடைத்ததும், பின்னால் நின்றவர் ஹாரன் அடித்துவிடுவாரோ என்ற அவசரத்தில் பெடலை ஒரு அழுத்து அழுத்தினாள் பாருங்கள், கார் கிளம்பவில்லை, துள்ளியது. என் மடியில் இருந்த அர்ச்சனைத் தட்டிலிருந்து தேங்காய் மூடி ஒன்று காலடியில் உருண்டது, விபூதி சட்டையெல்லாம். முன்னால் போன வேனின் பின்பக்கம் திடீரென்று கண்ணாடி முழுக்கத் தெரிந்தது. தானியங்கி பிரேக் பிடித்ததா, அவள் பிடித்தாளா என்று இருவருக்குமே தெரியவில்லை.

அவள் மேல் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். 120 மணி நேரத்தில் முக்கால்வாசி அவள் ஓட்டியது என் மனைவியின் பழைய சின்ன பெட்ரோல் காரை. அதில் அப்படி அழுத்தினால் எஞ்சின் முதலில் கத்தும், கியர் ஒன்று இறங்கும், ஒரு மூச்சு விட்டு அப்புறம்தான் கார் நகரும். அந்த ஒரு மூச்சு நேரத்தில் காலை எடுத்துக்கொள்ளலாம். மின் மோட்டாரில் நின்ற இடத்திலேயே முழு டார்க்கும் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) கிடைத்துவிடும், சத்தமும் இல்லை. வேகம் ஏறியது காதுக்குத் தெரிவதில்லை, முதுகு சீட்டில் ஒட்டும்போதுதான் தெரிகிறது.

அதற்காகப் பழைய கொரோலாவுக்குத் திரும்பு என்றால் ஒப்ப மாட்டேன். வழுக்கும்போது காரை நிலைப்படுத்தும் இஎஸ்சி வசதி ஆஸ்திரேலியாவில் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 2013 நவம்பரில்தான். அதற்கு முந்தைய மலிவுக் கார்கள் பலவற்றில் அதுவும் இல்லை, தானாகப் பிரேக் போடும் பேச்சே இல்லை. வீட்டிலேயே அனுபவம் குறைந்த ஆளை வீட்டிலேயே பாதுகாப்புக் குறைந்த காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, “மெதுவான கார்தானே” என்று ஆறுதல் சொல்லிக்கொள்வது என்ன நியாயம்? அன்றைக்கு வேனை இடிக்காமல் நின்றதற்கு அந்தப் புதுக் காருக்கும் பங்கு இருக்கலாம்.

ஆகவே என் சண்டை மின்சாரத்தோடு அல்ல, அந்த வகுத்தல் கணக்கோடு. எடையால் வகுப்பதை விட்டுவிட்டு, 0 முதல் 100 வரை எத்தனை விநாடி என்று நேராகவே அளக்கலாமே. தெற்கு ஆஸ்திரேலியா 2024 டிசம்பர் 1 முதல், மிக அதிகச் சக்தி கொண்ட கார்களுக்குத் தனியாக ‘யு’ வகை லைசென்ஸ் கொண்டு வந்திருக்கிறது. 2019இல் அடிலெய்டில் லம்போர்கினி ஒன்று மோதிப் பள்ளிச் சிறுமி இறந்ததற்குப் பிறகு எழுந்த கோரிக்கை அது. நல்லதுதான். ஆனால் அங்கேயும் டன்னுக்கு 276 கிலோவாட் என்று அதே வகுத்தல்!

வழி இல்லாமலும் இல்லை. டெஸ்லாவில் ‘சில்’ மோட் என்று ஒன்று உண்டு, போட்டால் கார் சாதுவாகக் கிளம்பும். 2024இல் பெற்றோர் கட்டுப்பாடு என்று ஒரு வசதி கொடுத்தார்கள், பின் நம்பர் போட்டு அந்த மோடிலேயே பூட்டி வைக்கலாம், வேகத்துக்கும் வரம்பு வைக்கலாம். ஒரு கம்பெனி செய்ததை எல்லாக் கம்பெனியும் செய்ய வேண்டும், பூட்டிய காரை மட்டும்தான் பி-பிளேட்காரர் ஓட்டலாம் என்று சட்டத்தில் எழுதினால் என்ன கெட்டுவிடும்? வீட்டில் ஒரே கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு கார் வாங்கும் செலவும் மிச்சம்.

எங்கள் காரிலும் சாதுவாக ஓட வைக்கும் ஈகோ (Eco) மோட் இருக்கிறது, பூட்டு இல்லை, திரையில் ஒரு தட்டுத் தட்டினால் மாறிவிடும். இப்போதைக்கு வீட்டு ஏற்பாடு என்னவென்றால், மகள் கிளம்புமுன் நான் போய் ஈகோவில் போட்டுவிட்டு வருவேன். அதை அவள் மாற்றுகிறாளா என்று நான் கேட்பதில்லை. மனைவி கேட்கிறாள், தினமும்.

இப்படிக்கு,
ஒரு சிவப்பு பி-யின் அப்பா,
டூங்காபி, சிட்னி.