பார்சல் போய்ச் சேர்ந்தது

லடாக் எல்லையில் ராணுவத்தில் இருக்கிற என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் கறுத்து, மூக்கு நுனியில் தோல் உரிந்திருக்கிறது. எடை குறைந்திருக்கிறார். நன்றாகத் தூங்குகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பதால் முதலில் இதைச் சொல்லிவிட்டேன்.

2020 ஜூன் 15-இல் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் இருபது பேர் இறந்த பிறகு எங்கள் வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் லடாக்கின் பாங்காங் ஏரிக் கரையிலிருந்து இந்தியா, சீனா இரண்டு பக்கப் படைகளும் பின்வாங்குகின்றன என்று டிவியில் சொன்னார்கள். பூஜை அறைக்குள் போன அத்தை வெகுநேரம் வெளியே வரவில்லை. நடுவில் நடந்ததை விட்டுவிடுகிறேன். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பார்சல் யோசனை என்னுடையது இல்லை. முதலில் அவருக்கு மட்டும்தான் ஒரு டப்பா புளிக்காய்ச்சலும் கொஞ்சம் பருப்புப் பொடியும் அனுப்பினேன். கிடைத்ததும் போன் வந்தது. லைன் நிற்கிற இரண்டு நிமிஷத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, "இத்தனை பேர் நடுவுல உட்கார்ந்து நான் மட்டும் எப்படிடி திங்கிறது?" என்று கேட்டார். அதை மகளிர் குழுவில் சொன்னேன். மறுநாள் காலையில் வாசலில் பை பையாக வந்து இறங்க ஆரம்பித்துவிட்டது.

குழு அக்காமார்கள் எல்லோருக்கும் நன்றி. எலுமிச்சை ஊறுகாய், இஞ்சித் தொக்கு, கறிவேப்பிலைப் பொடி, சுக்குமல்லித் தூள் எல்லாம் உங்கள் கைப்பக்குவம். கோவில்பட்டியிலிருந்து கடலை மிட்டாயைப் பெட்டியாக இறக்கிக் கொடுத்த கடைக்காரருக்கும், சாத்தூர் காராச்சேவு வாங்கி வந்த மதினிக்கும் நன்றி. பால்கோவா கொடுத்தே தீருவேன் என்று நின்ற பெரியம்மா, உங்கள் பால்கோவாவை நாங்களே சாப்பிட்டுவிட்டோம். அது லடாக் போய்ச் சேருவதற்குள் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அட்டைப்பெட்டிகளுக்கு வெள்ளைத்துணி சுற்றித் தைத்துவிட்டு நூல் காசு மட்டும் வாங்கிக்கொண்ட டெய்லர் அண்ணனுக்கும் நன்றி. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கடிதங்களை அங்கே ஒருவர் விடாமல் படித்தார்களாம். "பனியில் பாம்பு இருக்குமா?" என்று கேட்டிருந்த பையனுக்குப் பதில்: அவர் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

தபால் நிலையத்துக் கவுண்டர் அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கொரோனா காலம் என்று ஆளாளுக்கு ஒரு சானிடைசர் பாட்டிலைப் பெட்டிக்குள் போட்டிருந்தார்கள். தீப்பற்றுகிற சாமான், பார்சலில் போகக் கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். கூடவே நாலைந்து லைட்டரும் வெளியே வந்தன. முகவரியையும் அவர்தான் சரிபார்த்தார். பெயர், நம்பர், ரேங்க், யூனிட், 56 ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபால் நிலையம், 9-ல் தொடங்கும் பின்கோடு, அவ்வளவுதான். ஊர் பேர் இல்லை, மலை பேர் இல்லை. அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்கே தெரியாது, ஆனால் என் ஊறுகாய்க்குத் தெரிந்திருந்தது.

இனி பெட்டிக்குள் போன சீட்டுகளை எழுதிக் கொடுத்த தம்பிக்கு வருகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

என் வீட்டுக்காரர் தென்னாட்டு ஆட்கள் நிறைந்த மெட்ராஸ் ரெஜிமெண்டாக இருந்திருந்தால் புளிக்காய்ச்சலை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. இவர் சிக்னல்ஸ், ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவு. ஒரு பஞ்சாபி, ஒரு ஒடியாக்காரர், ஒரு அஸ்ஸாம்காரர் என்று எல்லா ஊர் ஆளும் இருக்கிற யூனிட். முதல் தடவை அனுப்பியதில் புளிக்காய்ச்சலை ஒருத்தர் ஜாம் என்று நினைத்து ரொட்டியில் தடவி வாயில் வைத்துவிட்டாராம். அதனால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இது என்ன, எதோடு சாப்பிட வேண்டும் என்று இந்தியில் ஒரு சீட்டு ஒட்டலாம் என்று நினைத்தோம். எங்கள் தெருவில் யாருக்கு இந்தி எழுத வரும்? டெய்லர் அண்ணன்தான் மில்லில் வேலை பார்க்கிற பீகார்ப் பையன் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

நைட் ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தான். புருவத்தில் பஞ்சு. மாஸ்க்கின் ஓரத்தில் பஞ்சு. காப்பி கொடுத்தேன், குடித்தான். சீட்டையும் ஸ்கெட்ச் பேனாவையும் கொடுத்தேன், எழுதவில்லை. ருசி பார்க்காமல் எப்படி எழுதுவது என்று கேட்டான். பாதி தமிழ், பாதி சைகை. சரி என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து இலையில் வைத்தேன். தொட்டு நாக்கில் வைப்பான், கொஞ்ச நேரம் யோசிப்பான், பிறகு எழுதுவான். பருப்புப் பொடி வந்தபோது சோறு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதினான். இஞ்சித் தொக்குக்கு மட்டும் சீட்டு நிறைய எழுதினான். என்னப்பா இவ்வளவு என்றால், படித்துக் காட்டிக் கையால் விளக்கினான்: கொஞ்சமாக எடுக்கவும், சோறு இல்லாவிட்டால் சப்பாத்தியில் வைத்துச் சுருட்டிக்கொள்ளலாம், பசி இல்லாதபோது முதலில் இதைச் சாப்பிடவும். அந்தக் கடைசி வரியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

தூங்கப் போ தம்பி, மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று எத்தனையோ சொன்னேன். எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

மறுநாள் அவனாகவே வந்தான், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஊரடங்கில் ஊருக்குப் போய்விட்டு ஸ்பெஷல் ரயிலில் திரும்பி வந்தபோது அவன் அம்மா கட்டிக்கொடுத்த, அவர்கள் ஊரில் 'சத்து' என்று சொல்கிற மாவு அது. கொண்டைக்கடலையை வறுத்துத் திரித்தது. அதில் பாதியை எடுத்து வந்திருந்தான். இதையும் அனுப்புங்கள் அக்கா என்றான். எனக்கு உள்ளுக்குள் தயக்கம்தான். இவ்வளவு பலகாரத்துக்கு நடுவில் பொரிகடலை மாவு மாதிரி ஒன்றை யார் தொடப்போகிறார்கள்? முகத்தில் தெரிந்துவிட்டதோ என்னவோ, ஒரு டம்ளர் வாங்கி அங்கேயே கரைத்துக் காட்டினான். தண்ணீர், உப்பு, எலுமிச்சை, நறுக்கின வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். குடித்துப் பார்த்தேன். வயிற்றில் கனமாக இறங்கியது. அவன் சொன்னது ஒன்றுதான்: "அக்கா, இதுக்கு அடுப்பு வேண்டாம்."

அந்தப் பேச்சின் அருமை அவர் வந்து சொன்ன பிறகுதான் புரிந்தது. 15 ஆயிரம் அடிக்கு மேலே தண்ணீர் 85 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடுமாம். கொதிக்கும், ஆனால் வேகாது. குக்கர் இல்லாமல் அரிசியோ பருப்போ பதமாக வராது. இங்கே பலபேர் நினைக்கிற மாதிரி அங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை. ரேஷன் தாராளமாகவே வருகிறது. உயரத்தில் பசிதான் செத்துப்போகிறது. தட்டைப் பார்த்தாலே வேண்டாம் என்றிருக்குமாம். எங்கள் தொக்கும் ஊறுகாயும் வேலை செய்தது அங்கேதான். தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது, கடலை மிட்டாயைக் கடித்து ஒருவர் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் தீர்ந்துபோனது எது என்று கேட்டேன். அந்தத் தம்பியின் மாவு. காவலுக்குப் போகும்போது பிளாஸ்கிலிருந்து வெந்நீரை மக்கில் ஊற்றிக் கலக்கினால் ஆயிற்று. மெல்ல வேண்டாம், கையுறையைக் கழற்ற வேண்டாம். வெங்காயத்துக்குப் பதில் நம் எலுமிச்சை ஊறுகாயைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். பீகார்க்காரர்கள் இரண்டு பேர் அதை ஒத்துக்கொள்ளவே இல்லையாம், பிறகு அவர்களும் அப்படித்தான் குடித்தார்களாம். சீட்டு எழுதினது யார், எந்த ஊர் என்று ஆளாளுக்கு விசாரித்திருக்கிறார்கள்.

அவன் சமஸ்திபூர் மாவட்டத்துக்காரன். கல்வானில் உயிர்விட்ட இருபது பேரில் அந்த மாவட்டத்து ஆள் ஒருவர், பீகார் ரெஜிமெண்டின் 16-வது பட்டாலியன். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர் ஹவில்தார் பழனியும் அந்த இருபது பேரில் ஒருவர்தான். இது தெரிந்துதான் கொடுத்தாயா என்று அவனிடம் நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட முடியாது. 2020 ஏப்ரல் ஊரடங்கில் இந்த மில் பையன்கள் ஆறு பேர் ஒரே அறையில் அடைந்து கிடந்தபோது, நோய் வந்துவிடும், காலி பண்ணச் சொல்லுங்கள் என்று பேச்சு எழுந்தது இதே தெருவில்தான். லடாக்கில் நிற்கிற பிள்ளைக்கு மூட்டை கட்டத் தெரிந்த தெரு இது. நாலு வீடு தள்ளி அம்மாவை விட்டு வந்து கிடந்த பிள்ளைகளுக்கு ஒரு டப்பா தொக்கு கொடுக்க நமக்குத் தோன்றவில்லை. யாரையும் குத்திக் காட்டவில்லை. அத்தையும் இதையேதான் சொன்னார், என்னைவிடக் காரமாக.

அதனால் வீட்டில் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். இனிமேல் பெட்டி கட்டும்போதெல்லாம் முதல் டப்பா அந்த மில் பையன்களின் அறைக்குப் போகும். அத்தை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு அங்கே போகிறது. அந்தத் தம்பி மீன் சாப்பிட மாட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அவனுக்கு மட்டும் தனியாகக் கத்திரிக்காய்.

அவர் ஏப்ரலில் திரும்பிப் போகிறார். குளிர்காலத்தில் கணவாய்கள் மூடிவிட்டால் எல்லாமே விமானத்தில் இடம் கிடைத்தால்தான் போகும். அதனால் அடுத்த பார்சலைச் செப்டம்பரிலேயே கட்டிவிடலாம் என்று குழுவில் பேசியிருக்கிறோம். கொடுக்க நினைக்கிறவர்கள் கவனிக்க: ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் கொண்டுவராதீர்கள், எண்ணெய் கசியாத டப்பாவில் அடைத்து மேலே ஒரு கவர் போட்டுக் கொடுங்கள். சானிடைசர், லைட்டர், பேட்டரி, சென்ட் வேண்டவே வேண்டாம், கவுண்டர் அம்மா மறுபடியும் மேஜையில் அடுக்குவார். கடலை மிட்டாய் கொடுப்பவர்கள் உடைத்துச் சின்னத் துண்டுகளாகக் கொடுங்கள். அந்தத் தம்பி கொண்டுவந்த மாவை இந்தத் தடவை நாமே கொண்டைக்கடலை வறுத்துத் திரிக்கிறோம்; பக்கத்தில் நின்று பக்குவம் சொல்ல அந்தத் தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நைட் ஷிஃப்ட் இல்லாத வாரமாகப் பார்த்து நாள் குறிக்கிறேன்.

— ஒரு சிக்னல்ஸ் ஜவானின் வீட்டுக்காரி, ராஜபாளையம் பக்கம்